எட்டு நிமிடம்

பிப்ரவரி 24, திங்கள்

செயற்கை மூட்டு விற்கும் கம்பெனிக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் ஒரு முழங்கால் பளபளக்கிறது. இரண்டு மாதமாக மேசையில் கிடந்தது. என் மகள் மித்ரா கிரேயானை எடுத்துக்கொண்டு வருவதற்குள் நானே கிறுக்கிவிடலாம் என்று எடுத்தேன்.

இன்று நல்ல நாள். ஆய்வுக்கூடத் தலைவி நளினா மேடம் கூப்பிட்டார். எங்கள் கட்டுரையை இதழ்க்காரர்கள் திருப்பி அனுப்பவில்லையாம். மதிப்பீட்டாளர்கள் சில கேள்வி கேட்பார்கள், பதில் சொன்னால் வெளியாகிவிடும் என்றார். அதில் இரண்டாவது பெயர் என்னுடையது. அம்மாவுக்குப் போன் செய்தேன். "அதுல நீ என்னடி பண்ணுன?" என்று கேட்டாள். படித்த பெண்ணைப் பெற்றவள் கேட்கிற கேள்வியா இது.

சொன்னேன். செயற்கை மூட்டு வைத்தவர்களில் சிலருக்கு அதைச் சுற்றிக் கிருமி பிடிக்கும். உலோகத்தின் மேல் பாசி மாதிரி படர்ந்து ஒளிந்துகொள்ளும். சாதாரணப் பரிசோதனையில் பல நேரம் சிக்காது. கிருமி சிக்காவிட்டாலும் நம் உடம்பு காட்டிக்கொடுக்கும் என்பதுதான் எங்கள் ஆய்வு. ஆர்.என்.ஏ. என்பது ஹோட்டலில் சர்வர் எழுதி அடுப்படிக்கு அனுப்பும் சீட்டு. அந்தச் சீட்டின் மேல் உடம்பு ரசாயனப் பொட்டு வைக்கும். பொட்டைப் பொறுத்து ஒரு சீட்டு உடனே சமையலுக்குப் போகும், இன்னொன்று குப்பைக்குப் போகும். கிருமி பிடித்த மூட்டில் பொட்டுகள் கூடுகின்றன. நூற்றுக்கு இவ்வளவு என்று எண் கொடுப்போம். அறுபதுக்கு மேல் என்றால் கிருமி. அதற்குக் கீழே என்றால் இல்லை.

"அப்ப அந்தப் பொட்டு எத்தனைன்னு எண்ணுறது நீயா? சரி சரி" என்று வைத்துவிட்டாள்.

இன்று கடைசி ஆபரேஷன் கேஸ் முடிய ஏழாகும் என்றார்கள். எனக்கு ஐந்தரை மணி ஆஸ்பத்திரி பஸ். தியேட்டர் மயிலாத்தாக்கா பார்த்துக்கொள்வார்.

பிப்ரவரி 26, புதன்

மயிலாத்தாள் எங்கள் ஆபரேஷன் தியேட்டர் உதவியாளர். வயது ஐம்பத்தாறு. முப்பது வருடமாக அதே பச்சைச் சேலை. நோயாளியின் மூட்டிலிருந்து எலும்பு சர்ஜன் தண்டபாணி சார் வெட்டிக் கொடுக்கும் திசுத்துண்டை மாடியிலிருந்து எங்கள் கூடத்துக்குக் கொண்டுவருபவர் அவர்தான். மூன்று வருடம் முன்பு சார்தான் அவருக்கு வலது முழங்காலை மாற்றினார். இன்று படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினார்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. ஒரு மாசமா வீங்குது. மெடிக்கல்ல சொல்லி மாத்திரை வாங்கி முழுங்கிட்டிருக்கேன். கிருமி மாத்திரைதான். பத்து நாளா."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"வீங்குதுன்னு சொல்லிப்போட்டேன். மாத்திரைய என்னத்துக்குச் சொல்றது? நீயா டாக்டருன்னு வைவாரு. நாளைக்குக் காத்தாலயே ஊசி குத்தித் தண்ணியும் சதையும் எடுக்கறாராமா. உன்ற பொட்டு டெஸ்டும் பாத்துப்போடலாம்னாரு."

எனக்குப் பெருமையாக இருந்தது. இதை எழுதும்போதும் இருக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

மயிலாத்தாக்காவின் திசு காலை 9.10க்கு வந்தது. எடுத்துக்கொண்டு வந்தது தியேட்டர் நர்ஸ். கொண்டுவர வேண்டியவரே படுத்திருந்தாரே. உடனே ஐஸில் போட்டேன். வெட்டியதிலிருந்து உறையவைக்கும் வரை ஆறு நிமிடம்.

வீட்டில் சமையல் கேஸ் தீர்ந்துவிட்டது. மித்ராவுக்கு ரொட்டியும் ஜாமும்.

மார்ச் 3, திங்கள்

மயிலாத்தாக்காவின் எண் 31. கிருமி இல்லை. மூட்டு நீரை வளர்த்துப் பார்த்த கல்ச்சர் பரிசோதனையிலும் எதுவும் வளரவில்லை. தண்டபாணி சார் என் எதிரிலேயே சொன்னார். "லூஸாகியிருக்கு, அவ்வளவுதான். பழசை எடுத்துட்டு அப்பவே புதுசை வெச்சிடலாம். ஒரே ஆபரேஷன். பதிமூணாம் தேதி."

கிருமி இருந்தால் இப்படிச் செய்ய முடியாது. பழைய மூட்டை எடுத்து, மருந்து கலந்த சிமென்ட்டை இடையில் வைத்து, மூன்று மாதம் வாக்கரோடு நடக்கவிட்டு, பிறகுதான் புதிது. கிருமியின் மேலேயே புதிதை வைத்தால் அதுவும் அழுகும். அப்புறம் காலையே மடக்க முடியாதபடி ஒட்டவைக்க வேண்டிவரும். சிலருக்குக் காலே போகும்.

மயிலாத்தாக்கா கேன்டீனில் எனக்கு உளுந்து வடை வாங்கிக் கொடுத்தார். "உன்ற கை ராசி கண்ணு" என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

கட்டுரைக்குக் கேள்விகள் வந்துவிட்டன. மொத்தம் பதினான்கு. நாளை உட்காரவேண்டும்.

மார்ச் 5, புதன்

பதினொன்றாவது கேள்வி: திசுவை வெட்டியதற்கும் உறைய வைத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம்? கிருமி உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் தனித்தனியே தரவும்.

"ரெஜிஸ்டர்ல இருக்கில்ல, ஒரு டேபிளா போட்டுக் குடுத்துடு சுகிர்தா" என்றார் நளினா மேடம். அவருக்கு இது பத்து நிமிட வேலை.

ரெஜிஸ்டரைப் பிரித்தேன். ஒரு வருடம், எண்பத்தொன்பது வரிசை. எல்லா வரிசையிலும் என் கையெழுத்தில் எட்டு நிமிடம், ஏழு நிமிடம், எட்டு நிமிடம், எட்டு. ஏழெட்டு வரிசைக்கு ஒரே பேனா, ஒரே சாய்வு. மாதக் கடைசிச் சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து மொத்தமாக எழுதுவேன். யார் பார்த்தாலும் தெரியும். யாரும் பார்த்ததில்லை.

பார்த்ததும் காது சுட்டது. அறையில் ஒருவரும் இல்லை, அப்படியும்.

மார்ச் 6, வியாழன்

எழுதிவிடுகிறேன். எங்கள் தியேட்டரில் சீழ் பிடித்த கேஸ் எப்போதும் பட்டியலில் கடைசி. அது முடிந்ததும் தியேட்டரையே கழுவி மூடவேண்டும், அதனால். சுத்தமான கேஸ்கள் காலையில். அவற்றின் திசு எனக்கு உடனே கிடைக்கும், உடனே ஐஸில் போடுவேன். எட்டு நிமிடம் என்பது அவற்றுக்கு உண்மை. கிருமி கேஸ் முடிய மாலை ஆறு, ஏழு. நான் ஐந்தரை பஸ்ஸில் போயிருப்பேன். முதல் தடவை மயிலாத்தாக்காதான் சொன்னார்: "நீ கெளம்பு கண்ணு, கொளந்தை காத்துட்டிருக்கும். நான் தியேட்டர் ஃபிரிட்ஜில வெச்சுப்போடறேன். காத்தால எடுத்துக்க." நர்ஸுகளின் மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில், இரவு முழுக்க. மறுநாள் எட்டு மணிக்கு எடுத்து ஐஸில் போட்டுவிட்டு எட்டு நிமிடம் என்று எழுதுவேன்.

குழந்தைகள் காப்பகம் ஆறரைக்கு மூடிவிடும். என் கணவர் பிரபாவுக்கு வாரநாளெல்லாம் திருப்பூரில் வேலை. நான் என்ன செய்வேன்?

இந்த வரியை எழுதிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். போன மே மாதம் மித்ரா இருபது நாள் என் அம்மா வீட்டில் இருந்தாள். அந்த இருபது நாளும் நான் ஐந்தரை பஸ்ஸில்தான் போனேன். போய் சீரியல் பார்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

இன்று காலை முதல் கேஸ், ஒரு பள்ளி ஆசிரியை. கிருமி எதுவும் இல்லாத சாதாரண மூட்டு மாற்று. திசுத்துண்டை இரண்டாக வெட்டினேன். ஒன்றை உடனே ஐஸில் போட்டேன். இன்னொன்றைத் தியேட்டர் ஃபிரிட்ஜில், அதே தட்டில், மோர் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். நளினா மேடத்திடம் சொல்லவில்லை. ஒன்றும் இருக்காது, எண் இரண்டும் ஒன்றாகத்தான் வரும், வந்ததும் நிம்மதியாகப் பதினொன்றாவது கேள்விக்கு உண்மையையே எழுதிவிடலாம் என்று கணக்கு.

மார்ச் 8, சனி

ஃபிரிட்ஜில் இருந்ததை எடுத்தேன். இரண்டையும் மெஷினில் ஏற்றினேன். நாளை கூடத்துக்கு விடுமுறை, திங்கள்தான் தெரியும்.

மித்ராவுக்கு நகம் வெட்டினேன். துணி துவைத்தேன். பரண் துடைத்தேன். போன தீபாவளிக்கே துடைத்திருக்க வேண்டியது.

மார்ச் 10, திங்கள்

உடனே ஐஸில் போட்டது 29. ஃபிரிட்ஜில் கிடந்தது 74.

ஒரே ஆசிரியை, ஒரே முழங்கால், கிருமியே கிடையாது. வெட்டி எடுத்த திசு உடனே செத்துவிடுவதில்லை. குளிரில் மூச்சுமுட்டிக் கிடந்து தன்பாட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டே இருக்கிறது. ஒரு வருடமாக நான் அளந்தது கிருமியை அல்ல. நான் வீட்டுக்குப் போனதை.

இன்னொன்றும் உண்டு. கிருமி உள்ளவர்களில் மூன்று பேர் அவசர கேஸாகக் காலையில் வந்தவர்கள். அவர்கள் எண் முப்பதுக்குள் இருந்தது. திசு சரியில்லை போலிருக்கிறது என்று நானே மேடத்திடம் சொல்லி அந்த மூன்றையும் கட்டுரையிலிருந்து எடுக்க வைத்தேன். மொத்த ஆய்விலும் ஒழுங்காக எடுத்த கிருமித் திசு அந்த மூன்று மட்டும்தான்.

மயிலாத்தாக்காவின் எண் 31. ஆறு நிமிடத்தில் ஐஸில் போட்டது. அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. கிருமியை அமுக்கும் மாத்திரையைப் பத்து நாள் சாப்பிட்டவரின் கல்ச்சரில் எதுவும் வளராததற்கும் அர்த்தம் இல்லை. அந்த மாத்திரை சாருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை ஆபரேஷன். இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நாளை சொல்லிவிடுவேன்.

மார்ச் 11, செவ்வாய்

சாரைத் தேடிப் போனேன். திருச்சியில் கூட்டமாம், நாளை மாலைதான் வருவார். போனில் சொல்லலாமே என்று தோன்றியது. போனில் சொல்கிற விஷயமா என்றும் தோன்றியது. இரண்டாவதுதான் எனக்குப் பிடித்திருந்தது.

கேன்டீனில் மயிலாத்தாக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். நாளை அட்மிட். என் முகத்தைப் பார்த்தே கேட்டார்.

"என்ன கண்ணு, பேயறைஞ்சாப்ல இருக்கற?"

திசு எப்போது ஐஸில் போனது என்று கேட்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"அதுக்கா இப்படி? நாந்தான கொண்டாந்து தரேன். பத்து நிமிசத்துல கையில குடுத்துப்போட்டேன்னு நான் சொல்லிக்கறேன். ஆரு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். முப்பது வருச சர்வீஸு, என்ற பேச்சை ஆரு தட்டுவா?" சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஃபிரிட்ஜில வெச்சதும் நாந்தான கண்ணு. உன்ற மேல வராம நான் பாத்துக்கறேன். நீ சித்த நேரம் சும்மா இரு."

தன் காலை யார் பணயம் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாமல், அந்த ஆளுக்கே சாட்சி சொல்ல வருகிறார். நான் அங்கேயே, அந்த மேசையிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

"சரிக்கா" என்றேன்.

எழுதிப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை. சரிக்கா என்றேன்.

மார்ச் 12, புதன்

சார் மாலை ஐந்துக்கு வந்தார் என்று கேள்வி. நான் ஐந்தரை பஸ்ஸில் வந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

காலை ஏழே முக்காலுக்குத் தியேட்டர் வாசலில் பலகையைப் பார்த்தேன். இன்றைய பட்டியல். 1. மயிலாத்தாள், 56, வலது முழங்கால்.

முதல் கேஸ். சுத்தமான கேஸுக்குத்தான் முதல் இடம். முப்பது வருடமாக அந்தப் பலகையைத் துடைத்தவரின் பெயரை அங்கே ஏற்றியது என் 31தான். அதைப் பார்த்தபிறகும் சும்மா இருந்தால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. தைரியம் வந்துவிட்டதாக எழுத ஆசைதான். வாசலை இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்துதான் உள்ளே போனேன். செருப்பை மாற்றவும் மறந்துவிட்டேன்.

சார் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"சார், மயிலாத்தாக்காவோட எண்ணை நம்பாதீங்க."

"என்னம்மா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஐந்தரை பஸ், ஃபிரிட்ஜ், சனிக்கிழமை ரெஜிஸ்டர், ஆசிரியையின் இரண்டு துண்டு. குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. அவர் நிறுத்தவில்லை. கடைசியில் மாத்திரையைச் சொன்னேன்.

"எத்தனை நாள் சாப்பிட்டா?"

"பத்து நாள் சார். ஊசி குத்தி எடுக்கறதுக்கு முந்தி."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"இருபத்தாறாம் தேதி சார்."

"எண்ணு தப்புன்னு?"

"திங்கக்கிழமை."

அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "திங்கள், செவ்வாய், புதன்" என்றார். கத்தியிருந்தால் தேவலை. "அவ எனக்கு முப்பது வருஷமா கவுன் மாட்டிவிடறா. போ வெளிய."

பலகையில் அழித்து எழுதினார்கள். 1 என்பது கடைசி எண்ணான 5 ஆனது. கிருமி இருப்பதாகவே வைத்துத் திறப்பது என்று முடிவு.

காப்பகத்துக்குப் போன் செய்து, மித்ராவை ஏழு வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். "தாராளமா விடுங்க. எட்டு வரைக்கும்கூட ஆயா இருக்காங்களே, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்கள். ஒரு வருடத்தில் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை.

ஐந்து மணிக்கு ஐஸ் பெட்டியோடு தியேட்டர் வாசலில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. 5.48க்குக் கதவு திறந்து நர்ஸ் புட்டியை நீட்டினார். "உலோகத்துக்குப் பின்னாடி பூரா சீழு" என்றார், என்னைப் பார்க்காமல். 5.51க்கு ஐஸில் போட்டேன்.

ரெஜிஸ்டரில் மூன்று நிமிடம் என்று எழுதினேன். மேலே உள்ள எண்பத்தொன்பது வரிசைக்குக் கீழே அது பொய் மாதிரி இருந்தது.

மார்ச் 14, வெள்ளி

நளினா மேடத்திடம் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறார். "என் பேரும் சேர்ந்துதானே போகுது சுகிர்தா" என்றார். விசாரணைக் குழு அடுத்த வாரம். நேற்று எடுத்து இரவே மெஷினில் ஏற்றிய திசுவின் எண் 33. சீழ் வழிந்த மூட்டு. பொட்டு எங்கள் சொல்லுக்குக் கட்டுப்படவே இல்லை.

பிரபா போனில், "வேணும்னா பண்ணுன? அசதியில நடந்துபோச்சு" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதைக் கேட்கக் கூச்சமாக இருந்தது.

மார்ச் 17, திங்கள்

செயற்கை மூட்டு இல்லாமல், சிமென்ட் வைத்த காலோடு மயிலாத்தாக்கா பொது வார்டில் ஜன்னலோரம் படுத்திருக்கிறார். மூன்று மாதம் வாக்கர். அதற்குப் பிறகும் புதிது வைப்பது கிருமி போவதைப் பொறுத்தது. கால் தப்பியது என்று சார் சொன்னதாக நர்ஸ் சொன்னார்.

நான்கு நாளாக வார்டு வாசல் வரை வந்து வந்து திரும்பினேன். இன்று ஐந்து மணிக்கு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன். அதை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"எல்லாஞ் சொன்னாங்க" என்றார். "நான் ஃபிரிட்ஜில வெச்சதுனாலதான இத்தனையும்? படிக்காத முண்டம், எனக்குத் தெரியுமா அது கெட்டுப்போகும்னு?"

"நீங்க இல்லக்கா. எனக்குத் தெரியும். படிச்சது நான்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேக்கறேன் கண்ணு. அன்னைக்குக் கேன்டீன்ல, உனக்காகப் பொய் சொல்றேன்னு நான் சொன்னனல்ல. அப்பவே தெரியுமா உனக்கு? என்ற காலுன்னு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தேதியை யார் பார்க்கப்போகிறார்கள்? எட்டு நிமிடம் என்று எழுதின கைக்கு அது ஒன்றும் பெரிதில்லை. நாக்கு நுனி வரை வந்தது.

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுதான் சரிக்கான்னயா?"

"ஆமாங்க்கா."

அவர் முகத்தை மெதுவாக ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். சிமென்ட் வைத்த காலை இரண்டு கையாலும் தூக்கித் தள்ளி வைத்தார். உதவ எழுந்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்து இருபது.

"கெளம்பு" என்றார். "பஸ்ஸு போயிரும்."

கண்ணு என்று சொல்லவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து அந்தச் சொல் இல்லாமல் அவர் என்னைக் கூப்பிட்டதில்லை.

நான் எழுந்திருக்கவில்லை. அவர் திரும்பவும் இல்லை. ஐந்தரைக்கு ஜன்னலுக்குக் கீழே பஸ் ஸ்டார்ட் ஆகி, ஒருமுறை ஹார்ன் அடித்து, கேட்டைத் தாண்டிப் போனது. இரண்டு பேரும் கேட்டுக்கொண்டிருந்தோம்.